பேட்டரி ரயிலும் என் கம்பிக்காரரும்

அன்புள்ள என் கம்பிக்காரருக்கு,

நானும் மகளும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பீர்கள், அதனால் கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. பேட்டரி ரயில் தேறிவிட்டது. நம் ரயில் பாதையை மூடப்போவதில்லை. அப்பாடா! இதை எழுதிய பிறகுதான் எனக்கே மூச்சு சீராக வருகிறது.

ஊர் ஊராகப் போய்க் கம்பம் ஏறி மின்கம்பி இழுக்கும் நீங்கள், நம் பாதைக்கு மேலேயும் கம்பி இழுப்பார்கள், அந்த வேலையோடு வீட்டுக்கே வந்து சேர்ந்துவிடலாம் என்று எவ்வளவு ஆசையாக இருந்தீர்கள்! சுரங்கப்பாதையின் கூரை தாழ்வு, கம்பிக்கு இடமில்லை, குடைந்து உயர்த்தினால் கட்டுப்படியாகாது என்று கைவிட்டுவிட்டார்கள். டீசல் வண்டிகளுக்கும் வயதாகிவிட்டது. பேட்டரி வண்டி தாக்குப்பிடித்தால் சரி, இல்லாவிட்டால் பஸ் விட்டுக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். அப்படி ஆகியிருந்தால் எனக்கும் மாற்றல்தான். நீங்கள் ஒரு மூலை, நான் ஒரு மூலை, மகள் ஏதோ ஒரு விடுதியில்.

சோதனை ஓட்டத்துக்கு என்னையே ஓட்டச் சொன்னார்கள். பயணிகளுக்குப் பதிலாக இருக்கை இருக்கையாக மணல் மூட்டைகள். ஒரு மூட்டையும் ஜன்னல் இருக்கைக்குச் சண்டை போடவில்லை. என் பக்கத்தில் கம்பெனிப் பொறியாளர். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம் மேடம்" என்பார். டிப்போவில் எல்லாரும் அவரைப் பாத்துக்கலாம் என்றே கூப்பிடுகிறார்கள். நடுவில் சார்ஜ் போடாமல் கடைசி நிலையம் வரை போய்த் திரும்ப வேண்டும், அதுதான் பரீட்சை. நின்றுவிட்டால் தள்ளுவதற்கு ஒரு டீசல் எஞ்சினை வேறு தயாராக நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது.

சுரங்கம் வரை ஏற்றம் சுகமாக ஏறியது. சத்தமே இல்லை, எனக்குத்தான் எஞ்சின் நின்றுவிட்டதோ என்று இரண்டு முறை பகீரென்றது. சுரங்கம் தாண்டி இறக்கத்தில் வழக்கம்போல் பிரேக் பிடித்தேன். இத்தனை வருஷ டீசல் கை அல்லவா, தானாகக் காற்று பிரேக்குக்குத்தான் போகும். கடைசி நிலையத்தில் நின்று பார்த்தால் சார்ஜ் இருக்க வேண்டிய அளவுக்கு வெகு கீழே. பாத்துக்கலாம் முகம் வெளுத்துவிட்டது. "எந்த பிரேக் போட்டீங்க மேடம்?" என்றார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். இறக்கத்தில் மோட்டார் பிரேக்கைப் பிடித்தால் உருளும் சக்கரமே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுமாம். வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். வந்திருக்க வேண்டிய அத்தனை சார்ஜையும் சக்கரத்தில் தேய்த்துச் சூடாக்கிக் காற்றில் விட்டிருக்கிறேன்!

திரும்பும்போது மறுபடி ஏற்றம். பெட்டி விளக்கு, ஏசி எல்லாவற்றையும் அணைத்து, மெல்ல மெல்ல ஏற்றினேன். சுரங்கத்துக்குள் நுழையும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. பாத்துக்கலாம் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாய்விட்டே வண்டியைக் கெஞ்சினேன், "இன்னும் கொஞ்சம்டி தங்கம், இன்னும் கொஞ்சம்" என்று. சுரங்கம் முடிந்து இறக்கம் தொடங்கியதும் மோட்டார் பிரேக்கைப் பிடித்தேன். சார்ஜ் முள் மேலே நகர்ந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. டிப்போவுக்குச் சொந்தக் காலில் வந்து நின்றோம். இறங்கியதும் அழுதே விட்டேன். பாத்துக்கலாமும் அழுதார், வெளியே சொல்லாதீர்கள்.

இனிதான் உங்களுக்கான விஷயம். பாதையின் இரண்டு முனையிலும் சார்ஜ் ஏற்றும் நிலையம் கட்டுகிறார்கள். உயர் அழுத்த மின்சாரத்தில் கை பழகிய ஆட்கள் வேண்டுமாம். உங்களைப் பற்றிச் சொன்னேன். டிப்போ அதிகாரி "அந்த அனுபவம் உள்ளவர் கெடைச்சா விடுவோமா, உடனே வரச் சொல்லுங்க" என்றார். கம்பம் ஏறுவதற்குத் தரும் படிப்பணம் கிடைக்காது. தரையில் நின்று செய்வதெல்லாம் ஒரு வேலையா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். சுளித்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

போன வாரம் வீடியோ காலில் இடது கையால் டீ குடித்தீர்கள். வலது கையைக் கடைசி வரை காட்டவில்லை. மகள் "அப்பாக்கு கை என்னம்மா?" என்றாள். சுளுக்கு என்று சொல்லி வைத்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாததால் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். உங்கள் குழுவில் ஒருவர் ஷாக் அடித்து ஆஸ்பத்திரியில் இருப்பதும் எனக்குத் தெரியும். மற்றதை நான் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பெயரில்லாமல் வேறு எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்கவே கை வரமாட்டேன் என்கிறது.

நம் பாதை பிழைத்துவிட்டது, வீடு இங்கேயே இருக்கிறது, வேலையும் காத்திருக்கிறது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். அதுவரை ஒவ்வொரு முறை கம்பம் ஏறும்போதும் மின்சாரம் நிறுத்தியாயிற்றா என்று அடுத்தவர் பேச்சை நம்பாமல் நீங்களே பாருங்கள். நீங்கள் எங்களுக்கு முழுசாக வேண்டும்.

கோபமும் அன்புமாக,
உங்கள் ஓட்டுநரம்மா