மாப்பிள்ளை முடித்த கெர்னல்

4 ஜூன், செவ்வாய்

"கெர்னல் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது" என்று இன்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லாமல் விழுங்கியவற்றில் இது நாற்பதாவதாக இருக்கும்.

எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். முதலாளியின் மகளைக் கட்டியதால் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். வேறு தகுதி இருப்பதாகத் தகவல் இல்லை. சர்வருக்கு வாங்கிய புது நெட்வொர்க் கார்டை, கருவிகளையெல்லாம் இயக்கும் அடிப்படை மென்பொருளான பழைய கெர்னல் கண்டுகொள்ளவில்லை. புதியதை மூலநிரலிலிருந்து நாமே கட்டி, அதாவது கம்பைல் செய்து, நிறுவ வேண்டும் என்றேன்.

"எதுக்கும்மா அவ்ளோ? டவுன்லோட் பண்ணி டபுள் கிளிக் பண்ணா ஆச்சு!"

அதற்கும் சிரித்து வைத்தேன். என் தகுதிகாண் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. இந்த வேலை சரியாக முடிந்தால்தான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

7 ஜூன், வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை கெர்னலை மாற்றப்போகிறேன் என்றதும், ரத்தம் சோதிக்கும் லேப் அக்கா: "சனிக்கிழமை சாயந்திரமே என் மெஷின ஆஃப் பண்ணிட்டுத்தான் போவேன். அதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

கெர்னலை ஏதோ தொற்றுநோய் என்று நினைத்துவிட்டார். "ஒண்ணும் ஆகாதுக்கா."

9 ஜூன், ஞாயிறு

ஆளில்லாதபோது இந்த அலுவலகம் எவ்வளவு அறிவோடு இருக்கிறது!

கெர்னலுக்குள் ஆயிரக்கணக்கான டிரைவர்கள், ஒவ்வொரு வகைக் கருவியையும் இயக்க ஒரு நிரல். யாருக்கு வேண்டும் அத்தனையும்? இந்த நிமிடம் சர்வர் பயன்படுத்தும் கருவிகளுக்கானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடும் கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொடுத்தேன். நாலு மணி நேர வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. நிறுவினேன், நெட்வொர்க் கார்டு எழுந்துகொண்டது. பழைய கெர்னலை அழித்தேன். திரும்பிப்போக வழி வைத்துக்கொள்வது தன் வேலையில் நம்பிக்கை இல்லாதவர்களின் பழக்கம்.

மாலையில் மாப்பிள்ளை வந்தார். என் எதிரிலேயே போன்: "மாமா, முடிச்சிட்டேன். ஆமா, நானேதான். கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

நாற்பத்தொன்று.

10 ஜூன், திங்கள்

லேப் அக்காவின் மெஷின் சர்வருக்குத் தெரியவில்லை. அதன் முடிவுகள் சர்வருக்கு வந்தால்தான் ரிப்போர்ட் அச்சாகும்.

நேற்று அது அணைந்திருந்தது. அதனால் அதன் டிரைவரும் கழிந்துபோயிருக்கிறது. அக்கா முன்கூட்டியே சொல்லியும்— ஐயோ, எவ்ளோ பெரிய முட்டாள் நான். பழைய கெர்னலும் இல்லை.

வரவேற்பறையில் முப்பது பேர், ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு. "பன்னெண்டு மணிக்கு எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். ரிப்போர்ட் இல்லாம டாக்டர் கத்தியையே தொடமாட்டாராம்" என்று ஒரு பெண் யாரிடமென்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளி சர்வர் அறைக்குள் வந்து கத்தினார். "யாரு இதுல கைய வச்சது? நீங்கதானே மாப்ள?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

"ஆமா மாமா."

விட்டுப்போன டிரைவரைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தேன். பதினொன்றேகாலுக்கு மெஷின் பேசியது. அந்தப் பெண் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஓடினார்.

பாராட்டைத் திருடியவருக்குப் பழியும் சேர்ந்து போனது. நியாயம்தானே? நியாயம்தான். பிறகு ஏன் இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்?

11 ஜூன், செவ்வாய்

முதலாளி: "நீ மட்டும் இல்லன்னா மானம் போயிருக்கும்மா."

வாயில் வந்ததை விழுங்கினேன். இது மாப்பிள்ளைக் கணக்கில் சேராது.

28 ஜூன், வெள்ளி

மாப்பிள்ளையைக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள், ரசீது போட. எனக்கு வேலை நிரந்தரம். அவருடைய நாற்காலியைக் கொடுத்தார்கள். உயரத்தைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.