முன்னறை ஜன்னலுக்கு ஊதாத் துணி

மரியநாதபுரம்,
திண்டுக்கல்.

அன்பு மகள் ஐரினுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஆண்டவர் காப்பாராக. இங்கே நாங்கள் நலம். வழக்கமாக இதைப் பழக்கத்தில் எழுதுவேன், இந்த வாரம் உண்மையாகவே எழுதுகிறேன். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. நடக்கலாம், இடது கையும் பழகினால் வரும் என்று டாக்டர் சொல்லியும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தால்தானே. தெருவில் போகிறவன் எல்லாம் என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம், ஜன்னலை மூடு என்று ஒரே பிடிவாதம். சரி, கனமாக ஒரு திரைச்சீலை போட்டுவிடுவோம் என்று கடைக்குப் போனேன். அழுக்குத் தெரியாது, வெயிலும் உள்ளே வராது என்று நல்ல ஊதா நிறத்தில் எடுத்து, கீழே வெள்ளை லேஸ் வைத்துத் தைக்கச் சொன்னேன். எனக்குப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. கோயிலில் தவக்காலத்தில் புனிதர்களின் சுரூபங்களை மூடுகிற அதே ஊதா. நம் தெருவில் துக்க வீட்டு முன்பக்கம் கட்டுவதும் அதே ஊதாதான். வெள்ளிக்கிழமை காலையில் மாட்டினேன். சாயங்காலம் எதிர்வீட்டு சகாயராஜ் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் தலைகுனிந்து நின்றான். "எப்பக்கா ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதா?" என்றான்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் உன் அப்பா வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். அந்தக் கையை விட்டால் விழுந்துவிடுவார், அதனால் இடது கையால் துணியைப் பிடித்து இழுக்கிறார். துணி ஒரு முழம்தான் விலகியது. "ஏலே சகாயம், நான் இன்னும் போகலடா. உள்ள வந்து டீ குடிச்சிட்டுப் போ" என்றார். சகாயராஜுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய் அழுது தீர்த்தேன்.

மறுநாள் அவரே வேறு துணி கேட்டார். மெல்லிசாக வேண்டுமாம், யார் வருகிறார்கள் என்று உள்ளிருந்தே தெரிய வேண்டுமாம். சின்னாளப்பட்டிக்குப் போய் சந்தன நிறத்தில் பருத்தித் துணி எடுத்தேன். தரை வரை விட்டால் காலில் சிக்கும் என்று ஜன்னல் உயரத்துக்கே தைத்தாயிற்று. திரைக் கம்பி நுழையத் துணியிலேயே காது வைத்துத் தைத்தால் கம்பியில் மாட்டிக்கொண்டு நகராது, அதனால் ஸ்டீல் வளையம் போடச் சொன்னேன். உன் பிள்ளை அறைக்குத் திரை வாங்கினாலும் வளையம் வைத்ததே வாங்கு, ஆனால் அங்கே குளிருக்குக் கனமான துணிதான் சரி.

நீ வாங்கி அனுப்புவதாகச் சொன்ன ரிமோட் திரைச்சீலை வேண்டாம் கண்ணு. ஐந்து மாதமாக எல்லாவற்றையும் நானே செய்து அப்பாவின் இடது கையைச் சும்மா கிடக்கப் பழக்கிவிட்டேன். இப்போது காலையில் நான் ஜன்னல் பக்கம் போனால், "நீ விடு, நான் தொறக்குறேன்" என்கிறார். ஒரு பக்கம் திறக்கவே பத்து நிமிஷம் ஆகிறது. பார்க்கப் பொறுக்காமல் கை பரபரக்கிறது. இருந்தாலும் பக்கத்தில் போகாமல் நிற்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு போன் போடு. கை எப்படி இருக்கிறது என்று கேட்காதே, தெருவில் இன்றைக்கு யார் யார் போனார்கள் என்று கேள், நிறைய சொல்வார். பிள்ளையின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. மாதா உங்கள் மூவரையும் காப்பாராக.

உன் அம்மா,
க. ஜெயமேரி