ஆலய வாசலில் ஒரு கேள்விப் பெட்டி

ஜூன் 2, ஞாயிறு

மாலை ஆராதனையில் இன்றும் ஐம்பது நிமிடப் பிரசங்கம். பின்வரிசையிலிருந்து மூன்று முறை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். என் வீட்டுக்காரர் கண்டுகொள்ளவே இல்லை. ஆயர் ஆயிற்றே! வந்தவர்கள் முப்பத்தொரு பேர். இளையவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் தூக்கம்.

முடிந்ததும் சபைச் செயலர் வந்தார். "ரெண்டு மாசம் பார்ப்போம் ஐயா. கூட்டம் வரலன்னா மாலை ஆராதனையை நிறுத்திடலாம்."

வீட்டுக்கு வந்தும் என் வீட்டுக்காரர் அங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 4

அவரே யோசித்தது: பிரசங்கம் பதினைந்து நிமிடம். பிறகு, வாசலில் வைக்கும் பெட்டியில் விழுகிற கேள்விகளுக்குப் பதில். பெயர் எழுத வேண்டாம்.

"இருபத்தாறு வருஷமா நானே பேசிட்டேன். அவங்களும் கேக்கட்டுமே" என்றார். இந்த வயதில் இதைச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

ஜூன் 9

பெட்டியில் மூன்று சீட்டு. மூன்றும் நான் எழுதியவை. காலியாக இருந்தால் மனுஷர் உடைந்துபோவாரே! இடது கையால் கிறுக்கியும் பயனில்லை. "பிரசங்கம் ஏன் இழுக்குதுன்னு கேட்ட விசுவாசிக்கு வீட்டுல பதில் சொல்றேன்" என்றார். ஆலயமே சிரித்தது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 16

ஒரே சீட்டு. என்னுடையதல்ல.

'எங்கள் வார்டில் இருந்த குழந்தைக்காக எல்லோரும் ஜெபித்தோம். ஏன் இறந்தது?'

ஆஸ்பத்திரி நர்ஸ் யாரோ எழுதியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அதை இரண்டு முறை படித்தார். எதற்கும் ஒரு வசனம் கையில் வைத்திருக்கிற மனிதர்!

"எனக்குத் தெரியல. என் தம்பி செத்தப்ப நானும் இதையேதான் கேட்டேன். இன்னும் கேட்டுட்டுதான் இருக்கேன்."



வாசலில் செயலர் கொதித்தார். "ஆயரே தெரியலன்னா சபை எங்க போய் நிக்கும்?"

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. தப்பாகிவிட்டதோ? ஆனாலும் — இங்கே எழுதி வைக்கிறேன் — கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

ஜூன் 23

பதினேழு சீட்டு! டூட்டி முடிந்து சீருடையோடு நாலு நர்ஸுகள் வந்திருந்தார்கள்.

ஜூலை 28

எண்பது பேருக்கு மேல். பிரசங்கம் பதினாலு நிமிடம். கேள்விகள் முடிய ஒரு மணி நேரம். யாரும் எழுந்து போகவில்லை. நிறுத்துகிற பேச்சைக் கமிட்டியில் யாரும் எடுக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு விளக்கணைக்கப் போனேன். பெட்டியருகே செயலர் மட்டும் நின்றிருந்தார். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்துப் போட்டார்.

சட்டென்று தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லப் போவதில்லை.