ஒன்பதாவது கேள்வி: மாஸ்டர் யார்?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா சுகம், சித்தப்பா சுகம், நானும் சுகம். இந்த வரிசையை நீ கவனித்திருப்பாய், கவனிக்காவிட்டால் இன்னொரு முறை படி, இப்போது வீட்டிலும் பட்டறையிலும் வரிசை இப்படித்தான். எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் சித்தப்பா உனக்குப் போன் போட்டு, அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார் என்று சொல்லியிருப்பான். என் மூஞ்சி எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற பல் டாக்டர் தன் வாய்க்கும் நேரத்துக்கு ஏதாவது போட வேண்டும். போன வாரம் வீடியோவில் பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கேட்டால் கேமரா கோணம் என்றாய், கேமரா கோணத்தில் உன் பக்கத்தில் இருந்த பூந்தொட்டி மட்டும் நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தது எப்படி என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மெஷினை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் பல்லையே பார்த்துப் பார்த்து மறந்திருந்தால் என்ன செய்வது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பக்கம் நான், என்னிடம் ஆலையிலிருந்து வருகிற பெரிய பேப்பர் ரோல் அவிழும். நடுவில் உன் அம்மா, அவளிடம் ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்திக்கொண்டு சுற்றுகிற இரண்டு ரப்பர் ரோலர், அது பேப்பரைப் பிடித்து இழுத்துக் கத்திகளுக்குக் கொடுக்கும், கத்திகள் நாடா நாடாவாகக் கிழிக்கும். பின்பக்கம் சித்தப்பா, அந்த நாடாக்களைக் கடைகளுக்குப் போகிற பில் ரோல்களாகச் சுற்றி எடுப்பான். இத்தனைக்கும் ஒரே மோட்டார், அடியில் ஒரே நீள ஷாஃப்ட், அதிலிருந்து மூன்று பேருக்கும் பெல்ட். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் என் பக்கத்தில் இருந்தது. பத்தொன்பது வருஷம் இப்படித்தான் ஓடியது. போன மாதம் ஷாஃப்ட் வளைந்து, மெஷின் நடுங்கிய நடுக்கத்தில் அலமாரியில் இருந்த டீ டம்ளர்கள் ஊர்வலமாக நகர்ந்துபோய்க் கீழே விழுந்தன. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்று சொல்லிப் போய்விட்டார்.

புது மோட்டார்கள் போடலாம் என்று முடிவாகி, அவற்றை விற்கிற கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், பேச்சு குறைவு, எதைக் கேட்டாலும் முதலில் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொள்வாள், அதனால் நாங்கள் அவளுக்கு நோட்டு என்றே பெயர் வைத்துவிட்டோம். நோட்டு மூன்று வழி சொன்னாள். ஒன்று, பழையபடி ஒரே மோட்டார் ஒரே ஷாஃப்ட், எல்லாம் சேர்ந்தே சுற்றும், சேர்ந்தே நடுங்கும். இரண்டு, மூன்று பேருக்கும் தனித்தனி மோட்டார், ஆனால் ஓர் அலமாரிக்குள் பெரிய மூளை ஒன்று உட்கார்ந்துகொண்டு மூன்றுக்கும் நொடிக்கு நொடி உத்தரவு போடும், அதற்குத் தும்மல் வந்தால் மூன்றும் நின்றுவிடும், நம் பட்டறையில் பறக்கிற பேப்பர் தூசிக்கு அது தும்மாமல் இருக்காது. மூன்று, தனித்தனி மோட்டாருக்குத் தனித்தனியாகச் சின்ன மூளை, மூன்றையும் ஒரு வயர் இணைக்கும், அதில் ஒன்று வேகத்தை வைக்கும், அதற்கு மாஸ்டர் என்று பெயர், மற்ற இரண்டும் அதைப் பார்த்துப் பேப்பர் தொய்யாமல் கிழியாமல் விறைப்பை மட்டும் பார்த்துக்கொள்ளும். மூன்றாவதுதான் நமக்குச் சரி என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஒருமனதாக முடிவு செய்தோம். இவ்வளவு ஒற்றுமையான குடும்பத்தைத் தான் பார்த்ததில்லை என்று நோட்டு சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒன்பதாவது கேள்வி, மாஸ்டர் யார், முன், நடு, பின், ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று முன் என்பதில் டிக் போட்டேன். பேப்பர் என்னிடமிருந்துதான் புறப்படுகிறது, நான் விட்டால்தானே மற்றவர்களுக்கு வேலை. சித்தப்பா அதை அடித்துவிட்டுப் பின் என்பதில் டிக் போட்டான், கடைக்காரன் உங்க பெரிய ரோலையா தூக்கிட்டுப் போறான், நான் சுத்துறதைத்தானே எடுத்துட்டுப் போறான் என்றான். நான் அதை அடித்தேன், அவன் திரும்பப் போட்டான், கடைசியில் அந்தக் கட்டத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. நான் அவனை ஒரு வார்த்தை சொன்னேன், அவன் என்னை இரண்டு வார்த்தை சொன்னான், அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் தனித்தனியாக உனக்குப் போன் செய்து ஆதரவு கேட்டதும், நீ இருவரிடமும் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டதும் உனக்கே தெரியும். அம்மா கூப்பிட்டால் மட்டும் முக்கால் மணி நேரம் கணீரென்று கேட்கிற சிக்னல் அது. அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

பதினொரு நாள் பேசவில்லை. எட்டு மீட்டர் தூரத்தில் நின்று ஒரே பேப்பரைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிற இரண்டு பேர் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. முதல் மூன்று நாள் எல்லாம் உன் அம்மா வழியாகத்தான். ரோல் தீரப்போகிறது என்று உன் கொழுந்தனிடம் சொல் என்பேன், தீரட்டும்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க அண்ணி என்பான். நாலாம் நாள் அவள், நான் என்ன உங்களுக்கு நடுவுல நிக்கிற தபால்பெட்டியா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது, இப்போதும் நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன். மெஷின் மெதுவாக ஓடும்போது, சொல்ல வேண்டியதைப் பென்சிலால் பேப்பரிலேயே சின்னதாக எழுதிவிட்டேன். அது ரோலரைத் தாண்டி, கத்தியைத் தாண்டி, நேராகப் போய்ச் சித்தப்பா கண் முன்னால் நின்றது. அவன் படித்தான், முகம் சிவந்தது, பதில் எழுதப் பென்சிலை எடுத்தான். ஆனால் பேப்பர் ஒரு பக்கமாகத்தானே ஓடும்? அவனால் எனக்கு ஒரு எழுத்துகூட அனுப்ப முடியவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அவன் குறுக்கே பேசாமல் நான் சொல்லி முடித்தேன், அந்த நாலைந்து நாள் நான் சொன்ன நியாயங்கள் எல்லாம் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டியவை. அவை அத்தனையும் பில் ரோலுக்குள் சுற்றிக்கொண்டு கடைகளுக்குப் போகின்றன என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. எட்டாம் நாள் மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். இருமல் மருந்து வாங்கிய ஒரு பெரியவரின் பில்லுக்குப் பின்னால், உனக்கு வயதுக்கு மரியாதை கொடுக்கத் தெரியுமா என்று எழுதியிருந்ததாம், அவர் கடையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பேக்கரிக்காரர் பில்லில், நான் பார்த்து வளர்ந்தவன் நீ என்று வந்ததாம், அதை வாங்கிய அம்மாள் கேக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். உன் அம்மா ஒவ்வொரு கடையாகப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள், கேட்டு முடித்துவிட்டு என்னிடமிருந்து பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

பதினொன்றாம் நாள் நோட்டு வந்துவிட்டாள். படிவம் அன்று சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் நமக்கு ஒதுக்கிய மோட்டார்கள் வேறு பட்டறைக்குப் போய்விடும், அடுத்த முறை வர ஐந்து மாதம் ஆகும் என்றாள். இரண்டு மாதம் தாங்காத மெஷினை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் என்ன செய்வது, பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். அப்போதும் நானும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நோட்டு எங்கள் வழக்கைக் கேட்கவே இல்லை. எப்பவும் போல ஓட்டுங்க, நான் பார்க்கிறேன் என்று சொல்லி மூலையில் ஸ்டூலைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தாள். நான் இருக்கிற அனுபவத்தை எல்லாம் காட்டி ஓட்டினேன், இரண்டு முறை கண்ணை மூடிக்கொண்டு பேப்பர் சத்தத்தை வைத்தே வேகத்தை மாற்றிக் காட்டினேன்.

பிறகு அவள் படித்தாள். ஒரு மணி நேரத்தில் நான் குமிழைத் திருப்பியது பதினாலு முறை. அந்தப் பதினாலு முறையும் அதற்குச் சற்று முன்னால் உன் அம்மா கையிலிருந்த ஸ்பானரால் மெஷின் சட்டத்தில் தட்டியிருக்கிறாள், ஒரு தட்டு தட்டினால் குறைத்திருக்கிறேன், இரண்டு தட்டினால் கூட்டியிருக்கிறேன். சித்தப்பா தன் பக்கத்து ரோலுக்கான பிரேக்கை மிதித்தது ஒன்பது முறை, ஒன்பது முறையும் அதற்கு முன்னால் அண்ணி அவனைப் பார்த்துத் தாடையை ஆட்டியிருக்கிறாள். தற்செயல் என்றேன். நோட்டு அதையும் எழுதிக்கொண்டு, அம்மா, நீங்க பத்து நிமிஷம் போய் டீ குடிச்சிட்டு வாங்க என்றாள். உன் அம்மா போனாள். ஆறு நிமிஷத்தில் பேப்பர் இரண்டு முறை கிழிந்தது, ஒருமுறை தொய்ந்துபோய்த் தரையில் குவிந்து சித்தப்பாவின் முழங்கால் வரை வந்தது. நான் என்ன செய்தேன் என்று கேள். ஒன்றும் செய்யவில்லை. கையைக் குமிழ் மேல் வைத்துக்கொண்டு நின்றேன். கை எதற்கோ காத்துக்கொண்டிருந்தது, எதற்கு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மகளே, வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருஷமாக நான்தான் ஓட்டுகிறேன் என்று உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

நோட்டு பிறகு விளக்கினாள். என் ரோல் அவிழ அவிழ இளைக்கிறது, சித்தப்பா ரோல் சுற்றச் சுற்றக் கொழுக்கிறது, இரண்டின் சுற்றளவும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது, இவற்றை நம்பி எவ்வளவு பேப்பர் போகிறது என்று அளக்க முடியாது. நடு ரோலர் ஒன்றுதான் எப்போதும் ஒரே பருமன், பேப்பரையும் நழுவ விடாமல் பிடித்திருக்கிறது, அது ஒரு சுற்றுச் சுற்றினால் இத்தனை பேப்பர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அதனால் வேகத்தை நடுதான் வைக்க வேண்டும், முன்னும் பின்னும் அதற்கு ஏற்றபடி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும் என்றாள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். அண்ணே, இதுக்கா நாம ரெண்டு பேரும் பதினொரு நாள் பேசாம இருந்தோம் என்றான். முழங்கால் வரை பேப்பரில் நின்றுகொண்டு அவன் சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியவில்லை. டீ குடித்துவிட்டு வந்த உன் அம்மாவிடம், இது உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன். வேலை நடந்துச்சு இல்ல, அப்புறம் என்ன என்று சொல்லிவிட்டுத் தரையில் கிடந்த பேப்பரை அள்ள ஆரம்பித்துவிட்டாள்.

ஓட்டை விழுந்த கட்டத்துக்குப் பக்கத்தில், நடு என்பதில் நானே டிக் போட்டேன், சித்தப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டான், அப்படி ஒரு கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. அதற்குக் கீழே கடைசிக் கேள்வி, மோட்டார் மாற்றுவதற்கு மெஷினை எத்தனை நாள் நிறுத்தலாம் என்று இருந்தது. நான் வழக்கம்போல மூன்று என்று எழுதினேன். உன் அம்மா பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு இருபத்தொன்று என்று எழுதினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, இருபத்தொரு நாள் மெஷின் நின்றால் என்ன ஆவது என்று கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள், நாலு வருஷமா பொண்ணு வாங்க வாங்கன்னு கூப்பிடுறா, நாலு வருஷமா மெஷினை யாரு பார்க்கிறதுன்னு நீங்க சொல்லிட்டு இருக்கீங்க, இனிமே வேகத்தை நான்தானே வெக்கணும், இப்ப நிறுத்துறேன் என்று. நோட்டு தலையை நிமிர்த்தாமல் அதையும் எழுதிக்கொண்டாள்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வருகிற மாதம் பத்தாம் தேதி காலையில் நானும் அம்மாவும் உன் வீட்டு வாசலில் நிற்போம். மோட்டார் மாட்டுவதைச் சித்தப்பா கூட இருந்து பார்த்துக்கொள்கிறான். உன் அம்மா பெட்டி கட்ட ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது, நடுவில் எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள், கேட்டால் கண்ணில் பேப்பர் தூசி என்கிறாள், படுக்கையறைக்குள் ஏது பேப்பர் தூசி. யார் மாஸ்டர் என்று எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருந்தால் உன்னை நாலு வருஷம் முன்பே வந்து பார்த்திருப்பேன். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல், நல்ல பசியோடும் நல்ல தூக்கத்தோடும் நீடூழி வாழ வேண்டும், உன் முன்னால் வாயைத் திறக்கிற எல்லோரும் சிரித்துக்கொண்டே போக வேண்டும். மறக்காமல் இரண்டு தலையணை அதிகமாக வாங்கி வை. எனக்கு ஒன்று போதும், இரண்டாவது என் குறட்டைக்காக அம்மா காதில் வைத்துக்கொள்வதற்கு. வாசலில் நாங்கள் வந்து நிற்கும்போது முதலில் அம்மாவைக் கட்டிக்கொள், அதற்கு அப்புறம் நான்.

இப்படிக்கு,
நடு ரோலர் போகிற வேகத்தில் வந்துகொண்டிருக்கும்
உன் அப்பா