குமாரைப் பிடித்து நிறுத்தினேன், அக்கா

என் டாக்டர் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. உன் கிளினிக் போர்டை நான் இன்னும் கழற்றவில்லை. கட்டடக்காரர் கேட்கும்போதெல்லாம் ஆகட்டும் ஆகட்டும் என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன். பூட்டின கதவுக்கு முன்னால் காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. "டாக்டரம்மா இல்லன்னு தெரியும் தம்பி, கால் தானா இங்க வந்துடுச்சு" என்கிறார்கள்.

எத்தனை பேருடைய நெஞ்சுவலியைக் கண்டுபிடித்தவள் நீ. உன்னுடையதை மட்டும் வாயுத் தொல்லை என்று சொல்லி, ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது உன்னைத் திட்டுவதற்கல்ல. ஒரு சேதி சொல்ல வேண்டும். உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நம் செல்வம் செத்துப்போனான், அக்கா.

செல்வமும் அவன் தம்பி குமாரும் உன் கிளினிக் பெஞ்சில் வளர்ந்த பிள்ளைகள். ஒருவனுக்கு ஜுரம் என்றால் இன்னொருவனும் கூட வந்து உட்காருவான். யார் வந்தாலும் முதலில் நீ "கூட யாரு வந்திருக்கீங்க?" என்றுதான் கேட்பாய். நோயாளி மறைப்பதைக் கூட வந்தவர் சொல்லிவிடுவார் என்பாய். இவர்களிடம் மட்டும் அது பலிக்காது. அண்ணன் மறைத்தால் தம்பியும் சேர்ந்து மறைப்பான். "ரெண்டும் களவாணிங்க" என்று சொல்லி, இரண்டு பேருக்குமே ஊசி போடப்போவதாக மிரட்டுவாய்.

பெரியவர்களானதும் இரண்டு பேரும் நான் சூப்பர்வைசராக இருக்கும் தோல் பதனிடும் டேனரியிலேயே சேர்ந்தார்கள். செல்வம் கழிவுநீர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டான். குமாருக்குத் தோல் ஊறும் டிரம் பக்கம் வேலை.

அன்று மத்தியானம் கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. ஆள் இறங்கக் கூடாது, உறிஞ்சுகிற லாரி வரட்டும் என்பது செல்வத்துக்குத் தெரியாததல்ல. லாரி வருவதாகக் காணோம். தண்ணீரோ ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷ வேலைதானே என்று நினைத்தானோ என்னவோ, மூடியைத் திறந்து ஏணியை வைத்து இறங்கிவிட்டான். கூச்சல் கேட்டு நான் ஓடிவந்தபோது உள்ளே குப்புறக் கிடந்தான். அசைவில்லை.

அந்த நொடியில் எனக்கு நீதான் ஞாபகத்துக்கு வந்தாய்.

பகலெல்லாம் வேலூர் ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி, சாயங்காலம் பஸ் பிடித்து ஆம்பூர் வந்து கிளினிக் என்று ஓடினாயே, அந்த நாட்களில் ஒரு தடவை கிளினிக்கைத் திறக்காமல் நேரே வீட்டுக்கு வந்தாய். சாப்பிடவில்லை. ஏதோ ஒரு டேனரியிலிருந்து மூன்று பேரை ஒன்றாகக் கொண்டுவந்தார்களாம். முதல் ஆள் தொட்டியில் இறங்கி மயங்கியிருக்கிறான். அவனைத் தூக்க இரண்டாமவன் இறங்கினான், அவர்களைத் தூக்க மூன்றாமவன். மூன்று பேரையும் உன்னால் காப்பாற்ற முடியவில்லை. "முதல் ஆளு விஷ கேஸ்ல செத்தான்டா. மத்த ரெண்டு பேரும் பாசத்துல செத்தாங்க" என்றாய். நீ அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்கு ஓய்வே இல்லை. ஒவ்வொரு டேனரியாகப் போய், கேட் பக்கத்தில் ஆட்களை நிற்கவைத்துப் பேசுவாய். "ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன் எறங்கக் கூடாது. கூடப் பொறந்தவனா இருந்தாலும் எறங்கக் கூடாது. புடிச்சி நிறுத்துங்க." சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். டாக்டரம்மாவுக்கு ஈவு இரக்கமே இல்லை என்றுகூடப் பேசினார்கள். நீ அடுத்த வாரமும் போனாய்.

குமார் டிரம் பக்கத்திலிருந்து ஓடிவந்தான். எட்டிப் பார்த்தான். ஏணியில் கால் வைக்கப் போனவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தரையில் தள்ளி, அவன் மேலேயே படுத்துவிட்டேன். கூட வேலை செய்யும் பாஷா பாய் அவன் கால்களைப் பிடித்துக்கொண்டார். "உடுய்யா... எங்கண்ணன்யா... நீயெல்லாம் மனுசனாய்யா" என்று கதறினான். என் கையைக் கடித்தான். தீயணைப்புக்காரர்கள் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கிச் செல்வத்தை மேலே கொண்டுவரும்வரை நான் விடவில்லை.

ஆம்புலன்ஸ் உன் கேஷுவாலிட்டிக்குத்தான் போனது. நீ நின்ற இடத்தில் ஒரு சின்னப் பெண் டாக்டர். பாவம், என்னென்னவோ செய்து பார்த்தாள். வெளியே வந்து, "இவர்கூட யாரு வந்தது?" என்று கேட்டாள். குமார் தலையைத் தூக்காமல் சொன்னான்: "நான் கூடப் போவலீங்க. போவ உடல."

இப்போது தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அதை முன்னாலேயே போட்டிருந்தால் என்ன என்று கேட்டேன். என்னை மட்டும் எல்லோரும் மெச்சுகிறார்கள். "நீங்க புடிக்கலன்னா ரெண்டு மையத்து தூக்கியிருப்போம்" என்கிறார் பாஷா பாய். காரியத்துக்குப் போனபோது குமார் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டான். கம்பெனியிலும் நான் வருகிற வழியில் அவன் வருவதில்லை.

நீ சொன்னதைத்தான் செய்தேன். ஆனால் பிடித்தவன் அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்லவே இல்லையே, அக்கா. செல்வம் அப்போது உயிரோடு இருந்தானா? ஒரு நிமிஷம் குமாரை விட்டிருந்தால் எட்டிப் பிடித்திருப்பானா? கேஷுவாலிட்டிக் கதவைத் திறந்துகொண்டு வந்து எத்தனை பேரிடம் போய்விட்டார் என்று சொல்லியிருப்பாய். அப்புறம் எப்படி பஸ் ஏறி வந்து, ஜலதோஷக்காரர்களிடம் சிரித்துப் பேசினாய்? உயிரோடு இருந்தபோது இதை நான் உன்னிடம் கேட்டதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை குமார் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எல்லாரும் நீ செஞ்சது கரெக்ட்டுன்றாங்க," என்றான்.

நான் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்கும் தெரியுது. எனக்கும் கொழந்த இருக்குது. ஆனா அத நான் வாயால சொல்ல மாட்டேன். சொன்னன்னா எங்கண்ணன நானும் உட்டுட்ட மாதிரி ஆயிடும்."

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கு ரொம்ப நேரம் அழுகை நிற்கவில்லை, அக்கா.

அந்த வார்த்தையை அவனிடம் நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். என்னை முறைத்துக்கொண்டே அவன் கிழவனாகட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து டேனரி கேட்டுகளில் உனக்குப் பதிலாக நான் நிற்கப்போகிறேன். உன்னைப்போல எனக்குப் பேச வராது, ஆனால் கடி வாங்கின கை இருக்கிறது, காட்டுவேன். இனி எவன் தொட்டியைப் பார்த்து ஓடினாலும் பிடிப்பேன். ஆயுசுக்கும் என்னை அவன் வெறுக்கட்டும். வெறுப்பதற்கு அவன் இருக்க வேண்டும்.

இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தம்பி,
சங்கர்