வயது கூட்டிய படம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் உடம்பளவில் நலம். நீயும் மாப்பிள்ளையும் எல்லா விதத்திலும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள், இறங்கும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள். போனில் குரல் சரியில்லையே என்று இரண்டு முறை கேட்டாய், சளி என்றேன். சளி இல்லை. உன் மாமா வாய் சும்மா இருக்காது, அவன் சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும்.

நம் ஸ்டூடியோவில் நான் செய்யும் ஒரு வேலை உனக்குத் தெரியும். வேலைக்கு மனுப் போடும் பையன்கள், முகம் பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று வருவார்கள். கறுப்புக் கோட்டை மாட்டி, விளக்கை உயர்த்தி, கன்னத்தில் நிழல் விழவைத்து, பிறகு கம்ப்யூட்டரில் கன்னத்தைக் கொஞ்சம் கரைத்தால் நாலைந்து வயது கூடிவிடும். எங்க வீட்டுக்காரர் கை பட்டா கடிகாரமே வேகமா ஓடும் என்று அம்மா பெருமை பேசுவாள். எனக்கும் தலைகால் புரியாது.

போன வருஷம் ஒருத்தி ஒரு சிறுமியைக் கூட்டி வந்தாள். அக்கா மகள் என்றாள். வெளியூரில் வீட்டு வேலை, நல்ல இடம், சின்னப்பிள்ளையாகத் தெரிந்தால் எடுக்க மாட்டார்கள், கொஞ்சம் பெரியவளாகக் காட்டுங்கள் அண்ணே என்றாள். நான் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "கவலைய விடு தங்கச்சி, கல்யாண வயசுக்கே கொண்டுபோய் விட்டுடுறேன்." அவள் சிரித்தாள். நானும். சிறுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் பார்க்க, அவள் வந்த கோலத்திலேயே முதலில் ஒரு படம் எடுத்தேன். பிறகு மாட்டிய கோட் தொளதொளவென்று இருந்தது, முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்கினேன். தலையைத் தூக்கும்மா என்று மூன்று முறை சொன்னேன். அவளோடு நான் பேசியது அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் அந்தச் சிறுமியின் படம், பின்பக்கம் நம் கடை முத்திரை. அவளை எங்கிருந்து மீட்டார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வீட்டு வேலை இல்லை. அது மட்டும் எழுதுகிறேன். பிறப்புச் சான்று கிடையாது. பதினான்கு என்கிறாள், படம் ஒட்டிய காகிதம் பத்தொன்பது என்கிறது. கூட்டிப்போனவளின் வக்கீல், வளர்ந்த பெண், சம்மதித்து வந்தவள் என்கிறாராம். டாக்டர் சோதனை முடிவு வர நாளாகும். நான் கை வைப்பதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

இருந்தது. மெஷின் ரிப்பேர் என்றேன்.

உன் மாமாவுக்குப் போன் போட்டேன். அழித்துவிட்டு ஞாபகம் இல்லை என்று சொல்லச் சொன்னான். "கடைய விடுங்க மச்சான், நம்ம பொண்ணு மாமியார் வீட்ல தலைநிமிர வேண்டாமா" என்றான். உன்னைக் காரணம் காட்டியதும் எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. இரண்டு நாள் உட்கார்ந்தே இருந்தேன். அந்த இரண்டு நாளும் காகிதத்தில் இருந்த வயதை வைத்து அந்தச் சிறுமியைக் காப்பகத்தில் பெரிய பெண்களோடு அடைத்து வைத்திருந்தார்கள், அவள் சாப்பிடவில்லை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் அம்மாவிடம் அந்த முதல் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "சட்டைப் பித்தான மாத்திப் போட்டிருக்கு. அதக்கூடச் சொல்லாம மேல கோட்ட மாட்டிட்டீங்க." செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இருவரும் போய் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

இப்போது அவள் பிள்ளைகள் இல்லத்தில் இருக்கிறாள். படம் எடுத்தவரைப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டாளாம். போனேன். எனக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக் கேட்டாள். "ஏன் எங்கிட்ட வயசு கேக்கல? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." வழியெல்லாம் மன்னிப்பு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனவன் நான். அதில் ஒன்றும் இந்தக் கேள்விக்குரியது இல்லை. அவளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, போதும் என்று கண்ணால் சொன்னார். முதுகுக்குப் பின்னால் யார் நின்றாலும் அவளுக்கு நடுங்குகிறதாம். எந்தத் தட்டு, எந்தக் கட்டில், கதவு திறந்திருக்கட்டுமா என்று ஒவ்வொன்றையும் அவளிடமே கேட்டுச் செய்கிறார்கள். மெதுவாகத்தான் ஆகும் என்றார் அந்த அக்கா.

வரும் வியாழக்கிழமை கோர்ட்டில் என் சாட்சி. நான் சொன்ன கேலியையும், தாமதித்த இரண்டு நாளையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். கடை மிஞ்சுமா தெரியாது. உன் மாமா பேச்சை நிறுத்திவிட்டான். உன் மாமியார் ஏதாவது கேட்டால் மறைக்காதே, எங்கப்பா செஞ்சதுதான் என்று சொல்லிவிடு.

நீ ஆஸ்பத்திரியில் பெயர் பதியும் மேஜையில் உட்காருகிறாய். பிள்ளையின் வயதை, உடன் வந்தவரிடம் கேட்டு எழுதிவிடாதே. பிள்ளையிடம் கேள். பதில் வரும்வரை உன் பேனா காத்திருக்கட்டும், பின்னால் வரிசை நீண்டாலும் சரி.

அந்தச் சிறுமியைப் பள்ளியில் சேர்க்கிறார்கள். படிவத்தில் ஒட்டப் படம் வேண்டும். கேமரா முன் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள், யாரும் வற்புறுத்தவில்லை. என்னிடம் இருந்த முதல் படத்தை ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். "அது நான்தான். ஆனா வேண்டாம்" என்றாளாம். தலைமையாசிரியை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இருவரும் மனம் கோணாமல் நீடூழி வாழ வேண்டும். வியாழனன்று நீ கூப்பிடாதே, வீட்டுக்கு வந்து நானே கூப்பிடுகிறேன்.

உன்
அப்பா