இரண்டு கையிலும் பஞ்சு

செவ்வாய், இரவு.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் கெட்டுப்போகும் ரத்த மாதிரிகளைக் குறைக்க நான் திட்டம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து அரியலூர் கிளை நோட்டில் கெட்டதாக ஒன்றுகூடப் பதிவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்று பெரம்பலூரிலிருந்து சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன். கிளையிலிருந்து வெளியே வந்த ரெட்டிபாளையத்துக்காரர் ஒருவருக்கு இரண்டு கையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ரெண்டு தடவை எடுத்தாங்களா?"

"மொதல்ல எடுத்தது சரியில்லன்னு அந்தப் பொண்ணு தூக்கிப் போட்டுட்டு, திரும்பக் குத்துச்சும்மா. வெளிய சொல்லாதீங்கன்னுச்சு."

ரத்தம் எடுக்கும் செல்வியிடம் கேட்டேன். "எல்லாம் சரியாத்தான்க்கா இருக்கு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

இன்னும் எத்தனை பேரை இரண்டு முறை குத்தினாளோ. கோபத்தோடு நிமிர்ந்தேன். அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு தாள்: 'மாதிரியைக் கெடுப்பவர் பெயர் பலகையில் எழுதப்படும்.'

என் கையெழுத்து.